அளவு சிறுத்துப்போன சட்டைகள்

வருகிற வியாழக்கிழமை மாலைக்குள் 143 பொருள்களை விற்பனைக்கு ஒப்படைக்க வேண்டும். ஏழு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் சிறியதாகிவிட்ட உடுப்புகள், காலணிகள், விளையாட்டுச் சாமான்கள், புத்தகங்கள் ஆகியவை மூன்று வாரங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையை நிறைத்திருக்கின்றன. பிள்ளைகள் உறங்கிய பிறகு, நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் வட கரோலினாவில், ராலி நகருக்கு அடுத்த கேரியில் வசிக்கிறோம். இந்தப் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை, வசந்தகாலத் தொடக்கத்தில் ஒன்றும் கோடையின் முடிவில் ஒன்றுமாக, குழந்தைப் பொருள்களுக்கென்றே கன்சைன்மென்ட் விற்பனைகள் நடக்கும். தேவாலயக் கூடங்களிலும் கண்காட்சித் திடல்களிலும் சில நாள்களுக்கு மட்டும் கடை விரித்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பொருள்களை அளவுவாரியாக அடுக்கி விற்பார்கள். பொருளுக்கு விலை வைப்பது நாம். விற்றுக் கொடுப்பது அவர்கள். விற்ற தொகையில் எனக்கு நூற்றுக்கு 65 பங்கு வரும், நான்கு மணி நேரம் அங்கே வேலை செய்து கொடுத்தால் 70. இப்போது நடக்கவிருப்பது இலையுதிர் காலத்துக்கான விற்பனை என்பதால், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் உடுப்புகளில் கம்பளிச் சட்டைகளையும் குளிர்கால மேலங்கிகளையும் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

முதல் முறை இதில் சேர்ந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் பிள்ளைத் துணி கைமாறுமே தவிர விலை போகாது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், நன்றாக வளர்ந்த வேறொரு பிள்ளையின் பழைய சட்டையையோ நைந்து மென்மையான வேட்டித் துணியையோ வாங்கி உடுத்துவதுதான் வழக்கம். என் மகளுக்கும் அப்படி என் அக்கா மகனின் சட்டைதான் முதலில் உடுத்தப்பட்டது. பிள்ளை போட்ட துணியை விலைக்கா கொடுப்பது என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். அக்காவின் பிள்ளைகளோ தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அந்த ஊர் வெயிலுக்குப் பஞ்சு திணித்த மேலங்கியை அனுப்பி என்ன பயன்? பட்டுப் பாவாடைகளையும் வெள்ளிக் கொலுசையும் அக்கா மகளுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். மற்றவை இங்கே, இதே குளிரில் வளரும் பிள்ளைகளிடம் போவதே சரி என்று இப்போது நினைக்கிறேன். யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாத பொருள் என்பதாலேயே, அக்காவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அக்காவாக இருந்தால் குறையைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டு ஒப்படைக்கும் இடத்தில் வயதான தன்னார்வலர் ஒருவர் என் உடுப்புகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தார். கழுத்துப் பட்டையின் உள்மடிப்பில் மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது. துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தபோது அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பால் கறையின் இயல்பு அது: துவைத்த பிறகும் நூலில் தங்கிவிட்ட கொழுப்பும் புரதமும் பெட்டிக்குள் இருக்கும் காலத்தில் மெல்ல நிறம் மாறி, மாதங்கள் கழித்து வெளியே தெரியும். ஆகையால் இந்த முறை பெட்டியிலிருந்து எடுத்த எதையும் நம்பவில்லை. கம்பளி தவிர மற்ற எல்லாவற்றையும் ஆக்சிஜன் வெளுப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் துவைத்து, பின்கட்டில் வெயிலில் காயப்போட்டேன். ரசமும் சாம்பாரும் சிந்திய மஞ்சள் கறைக்கு வெயிலை மிஞ்சிய மருந்து கிடையாது, ஏனெனில் மஞ்சளின் நிறப்பொருள் ஒளி பட்டால் சிதைந்துவிடும். எந்த அடுக்குமாடியிலும் கொடி கட்டிக் காயப்போட்டு வளர்ந்த நமக்கு இது தெரிந்ததுதான். இருந்தும் இங்கே உலர்த்தும் இயந்திரத்துக்குப் பழகி மறந்துவிடுகிறோம். அந்த இயந்திரத்தின் சூடோ கறையை இன்னும் அழுத்தமாகப் பதியவைத்துவிடும். அத்தனைக்குப் பிறகும் போகாத கறையுள்ள ஆறு சட்டைகளைத் துடைக்கும் துணியாக்கினேன்.

கறையால் வருவது மனக்குறை மட்டும். பிள்ளையின் உயிரோடு தொடர்புள்ளவை வேறு இருக்கின்றன. மகனின் நீலநிறத் தொப்பிச் சட்டையில் கழுத்தைச் சுற்றிக் கயிறு ஓடுகிறது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த அழகான சட்டை அது. அப்படிப்பட்ட கயிறுகள் சறுக்குமரத்தின் இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் கழுத்து இறுகி இறந்திருக்கிறார்கள். அதனால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2011-இல், சிறுவர் மேலங்கிகளின் கழுத்திலும் தொப்பியிலும் இழுகயிறு இருப்பதைப் பெருந்தீங்கு விளைவிக்கும் குறையாகவே அறிவித்தது. கயிற்றை முழுவதுமாக உருவி எடுத்த பிறகே அந்தச் சட்டையைத் தொங்கவிட்டேன்.

தொட்டில் கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தையை என் மகளுக்காக எவ்வளவு ஆசையாக வாங்கினேன்! குழந்தையின் முகம் அதில் புதைந்து மூச்சு முட்டும் என்பதால், 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விற்பதையே தடை செய்திருக்கிறது. பக்கவாட்டுத் தடுப்பு கீழே இறங்கும் பழைய வகைத் தொட்டில் கட்டில்களுக்கு 2011 ஜூன் முதல் தடை உள்ளது. அந்தச் சுற்று மெத்தையைப் பிரித்துப் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டேன். யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. காரில் குழந்தையை உட்காரவைக்கும் கார் சீட்டின் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ தயாரித்த நாளும் காலாவதி நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக ஆறு முதல் பத்து ஆண்டுகள். எங்களுடையதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது, விபத்து எதிலும் சிக்கியதில்லை. ஆனாலும் வாங்குகிறவர் என் சொல்லைத் தவிர வேறு எதை வைத்து அதை நம்புவார்? அதை விற்பதில்லை என்று கணவரும் நானும் முடிவு செய்தோம். திரும்பப் பெறப்பட்ட பொருள்களின் பட்டியலை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. மாதிரி எண்ணைப் பார்த்துச் சரிபார்க்க ஒரு பொருளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பட்டியலில் உள்ளதைப் பழையதாக விற்பதும் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான்.

விளையாட்டுச் சாமான்களில் மின்கலம் போடும் அறையைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. தொடர்வண்டி ஒன்றின் உள்ளே மின்கலம் கசிந்து வெண்ணிறமாகப் பூத்திருந்தது. காரம் என்பதால் காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, உலரவிட்டுப் புது மின்கலம் போட்டதும் ஓடியது. பொத்தான் மின்கலம் உள்ளவற்றில் மூடியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று மும்முறை பார்த்தேன். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. புதிர்ப்படங்களை ஒவ்வொன்றாகத் தரையில் சேர்த்து முடித்து எண்ணினேன். 48 துண்டுகளில் ஒன்று குறைந்த யானைப் படத்தை ஒதுக்கி வைத்தேன். கடைசித் துண்டைத் தேடி ஒரு பிள்ளை தரையெல்லாம் தவழ வேண்டாம்.

விலைச்சீட்டு வேலை நீளமானது, ஆனால் கடினமில்லை. பொருளை இணையத்தில் பதிந்து, பட்டைக்குறியோடு (பார்கோடு) கூடிய சீட்டைக் கெட்டி அட்டைத் தாளில் அச்சிட வேண்டும். சாதாரணத் தாள் கூட்டத்தில் கிழிந்து, பொருள் உரிமையாளரற்றுப் போய்விடும். சட்டையின் முகப்பு நம்மைப் பார்க்கும்போது ஹேங்கரின் கொக்கி கேள்விக்குறிபோல் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், சீட்டை ஊக்கால் தையல் ஓரத்தில் குத்த வேண்டும். காற்சட்டையை ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டால் நழுவும் என்பதால் மேல்பக்கத் தோள்களிலேயே ஊக்கு குத்துகிறேன். விலையைப் புதிதாக வாங்கிய விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தேன். என் மகள் பிறந்தநாளுக்கு அணிந்த சிவப்புக் கம்பளிச் சட்டைக்கு முதலில் 12 டாலர் எழுதினேன். பத்துச் சட்டைகள் வாங்கிச் செல்ல வந்த ஒரு தாயாக நின்று பார்த்தபோது, அந்தச் சட்டையின் பிறந்தநாள் அவளுக்குத் தெரியாதே என்று தோன்றியது. 7 என்று திருத்தினேன்.

கடைசி நாளில் எல்லாம் பாதி விலை. அப்போதும் விற்காதவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், அல்லது தொண்டு நிறுவனத்துக்கு விட்டுவிடலாம். பதிவு செய்யும்போதே ஒவ்வொரு சீட்டிலும் அதைக் குறிக்க வேண்டும். 141 பொருள்களுக்கு நன்கொடை என்று குறித்துவிட்டேன். திரும்ப வரட்டும் என்று குறித்தவை இரண்டு: அந்தச் சிவப்புச் சட்டை, மகன் நடக்கத் தொடங்கிய பழுப்புக் காலணி. இன்று இரவு அந்தக் காலணியின் அடிப்பாகத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, இடதையும் வலதையும் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் சேர்த்துக் கட்டிவிட்டேன். புத்தகங்களைக் கட்டுவது மட்டும் மீதமிருக்கிறது.