கடல் கரடி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 7, 2025, சனி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

காலையிலிருந்து தூறல். கோயில் மண்டபத் தரையில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். பாய்க்கு மேல் போர்வையும் விரித்துத்தான் பிள்ளைகளை உட்கார வைத்தேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். இன்று ‘ப’ வரிசை. ஆளுக்கொரு சொல் எழுதி, அதற்குப் படமும் போட வேண்டும். பழம், பட்டம், பல்லி என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் ‘பனிக்கரடி’ என்று பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள். பக்கத்தில் துணைக்கு ஒரு பென்குயினும் நின்றது.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது என்று சொன்னேன். பென்குயின் நம் பக்கத்துப் பறவை, சைமன்ஸ் டவுன் போனால் கடற்கரையிலேயே பார்க்கலாம். பனிக்கரடி இருப்பது வடக்குக் கோடியில். நடுவில் உலகமே கிடக்கிறது.

உடனே என் பேரன் கேட்டான்: "ஆயா, அது தரை மிருகமா, கடல் மிருகமா?"

"தரைதான். கரடி கரடிதானே" என்றேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் நான் சொன்னது தப்பு. 1774-இல் ஃபிப்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அதற்கு வைத்த அறிவியல் பெயர் ‘உர்சஸ் மாரிட்டிமஸ்’. கடலுக்குரிய கரடி என்று பொருள். 1972-இல் வந்த அமெரிக்கச் சட்டமும் அதைத் திமிங்கிலம், சீல், ஓங்கில் இவற்றோடு சேர்த்துக் கடல் பாலூட்டி என்றே வைத்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே விட எனக்கு மனசு வராது.

ஜூன் 9, திங்கள்

நான் நேரில் ஒரு பனிக்கரடியைப் பார்த்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் விலங்குக் காட்சிசாலையில் வாங் என்று ஓர் ஆண், ஜீபீ என்று ஒரு பெண். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது போனோம். இரண்டும் 2014-இல் இறந்துபோயின. ஆப்பிரிக்கா முழுவதிலும் கடைசிப் பனிக்கரடி வாங்தான் என்று அப்போது செய்தியில் வந்தது. அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அதன் முன்பாதம். முறம் போல அகலம். 30 சென்டிமீட்டர் வரை இருக்குமாம். தரையில் அசைந்து அசைந்து நடந்த மிருகம், தண்ணீரில் இறங்கியதும் வேறு மிருகமாகிவிட்டது. முன்கால் இரண்டும் துடுப்புப் போட, பின்கால்கள் நீட்டியபடி சும்மா வந்தன. சும்மா இல்லை, அவைதான் சுக்கான் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். மணிக்கு 10 கிலோமீட்டர் வரை நீந்தும்.

எங்கள் தாத்தா டர்பன் துறையில் கரைவலை இழுத்தவர். "படகிலே துடுப்புக்காரன் ஒருத்தன், திருப்புகிறவன் ஒருத்தன், இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கணும்" என்பார். அந்தக் கரடி அப்படித்தான் நீந்தியது.

ஜூன் 12, வியாழன்

டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பனி விழுந்திருக்கிறதாம். இங்கேயே காலையில் இரண்டு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. அடுப்படியில் உட்கார்ந்து பனிக்கரடியின் ரோமத்தைப் பற்றிப் படித்தேன்.

அது வெள்ளையே இல்லை. முடியில் நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி. வெளிமுடி உள்ளே குழல் போல இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. 1979-இல் சான் டியேகோ காட்சிசாலையில் சில பனிக்கரடிகள் பச்சையாகிவிட்டன. பார்த்தால் அந்தக் குழலுக்குள்ளே பாசி வளர்ந்திருக்கிறது! தோலோ கன்னங்கரேல். அந்த முடி வெயிலை உள்ளே கடத்தித் தோலைச் சூடாக்குகிறது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 1998-இல் ஓர் இயற்பியலாளர் அளந்து பார்த்து அது சரியல்ல என்று காட்டிவிட்டார். இன்னமும் பிள்ளைகள் புத்தகங்களில் அந்தப் பழைய கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று படித்ததும் ஆயாவின் நினைப்பு வந்தது, என் ஆயா, அப்பாவைப் பெற்றவள். சனிக்கிழமைதோறும் எங்கள் தலையில் தேங்காயெண்ணெய் வைத்து அழுத்துவாள். பனிக்கரடியின் முடியிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. கடலிலிருந்து ஏறிய ஈரம் அந்தக் குளிரில் உடனே உறைந்து ரோமத்தைக் கட்டியாக்கிவிட வேண்டும். ஆனால் பனிக்கட்டி அதில் ஒட்டுவதில்லை, ஓர் உதறலில் கொட்டிவிடுகிறது. நம் சருமத்து எண்ணெயில் நிறைய இருக்கும் ஸ்குவாலீன் என்ற பொருள் அதன் எண்ணெயில் இல்லை, அதனால்தான் ஒட்டுவதில்லை என்று இந்த ஆண்டு ஜனவரியில்தான் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 14, சனி

முதல் வேலையாகப் போன வாரத்துத் தப்பைத் திருத்தினேன். பேரன் முகத்தில் ஒரு வெளிச்சம். அப்புறம் ஒரு வாளி நிறையத் தண்ணீரும் பனிக்கட்டியும்.

இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே சமையல் கொழுப்பை அடைத்துக் கையுறை மாதிரி செய்திருந்தேன். கோயில் மண்டபம் என்பதால் தாவரக் கொழுப்புத்தான். முதலில் வெறுங்கையை வாளிக்குள் விடச் சொன்னேன். பேரன் 42 விநாடியில் கத்திக்கொண்டு எடுத்துவிட்டான். அடுத்து கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டி விட்டோம். நனைந்ததும் அது கம்பளி என்ற பேருக்குத்தான், பாதுகாப்பே இல்லை. கடைசியாகக் கொழுப்புப் பை. ஐந்து நிமிஷம் ஆகியும் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்!

இதுதான் பனிக்கரடியின் கதை. வெளியே காற்றில் நிற்கும்போது ரோமம் காக்கும். தண்ணீரில் இறங்கியதும் ரோமம் நனைந்து, காக்கும் சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடும். அப்போது கைகொடுப்பது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு, சில இடங்களில் 10 சென்டிமீட்டர் வரை. திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருப்பது போன்ற ஏற்பாடு. அதனால்தான் குட்டிகளுக்குக் கடல் ஆபத்து. அவற்றின் உடம்பில் கொழுப்பு சேர்ந்திருக்காது.

குட்டி பிறக்கும்போது 600 கிராம்தான் என்றேன். கடையில் வாங்கும் 700 கிராம் ரொட்டியைவிட லேசு. பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. ஒரு பெண் இரண்டு கையையும் குவித்து அதற்குள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு பை கிழிந்து பாயெல்லாம் கொழுப்பு. துடைத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள், இளைஞர் தின விடுமுறை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்காரர் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு கொழுப்புத் தின்கிற பிராணிக்கு மாரடைப்பு வராதா?"

நல்ல கேள்வி. 2014-இல் பனிக்கரடியின் மரபணுக்களைப் பழுப்புக் கரடியினுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பிரிந்து 5 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை என்று அந்த ஆய்வு சொல்கிறது. அந்தக் குறுகிய காலத்துக்குள் இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துசெல்லும் ஒரு மரபணுவும், இதயம் தொடர்பான சிலவும் பெரிதாக மாறியிருக்கின்றன. நமக்கு நோயாகும் சாப்பாடு அதற்கு ஒத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள்.

இறைச்சி இருந்தாலும் அது முதலில் உரிப்பது சீலின் கொழுப்பைத்தான். கொழுப்பைக் கரைக்கும்போது உடம்புக்குள்ளேயே தண்ணீரும் கிடைக்கிறது. சுற்றிலும் உப்புக் கடல், மிச்சமெல்லாம் உறைந்த பனி. குடிநீர் தேடி அலைய வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வடக்கே வசந்தத்தில் சீல்கள் குட்டி போடும் காலம்தான் அதற்கு அறுவடை. பால் மறக்கும் சமயத்தில் அந்தக் குட்டிகளின் எடையில் பாதி கொழுப்பு. அப்போது சேர்த்ததை வைத்துத்தான் பிறகு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கிறது. சினையான தாய் சில இடங்களில் 8 மாதம் வரை ஒன்றும் தின்னாமல், பனிக் குகையில் ஈன்று, பாலும் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறாள்.

சாயங்காலம் கடற்கரையில் நடந்தபோது இதே எண்ணம்தான். இந்த மாதத்தில் நம் கரையோரம் வடக்கே போகும் கூனல் திமிங்கிலங்களும் அப்படித்தான். அண்டார்க்டிக் கடலில் தின்று சேர்த்த கொழுப்பை நம்பித்தான் மொசாம்பிக் பக்கம் போய்க் குட்டி போட்டுத் திரும்புகின்றன. ஒன்று வடகோடி, ஒன்று தென்கோடி. பிழைப்பு ஒரே மாதிரி.

அந்தக் கொழுப்புக்காகத்தான் 1975 வரை பிளஃப் மேட்டில் திமிங்கிலத் தொழிற்சாலை ஓடியது. பிடித்ததை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆயா ஜன்னலைச் சாத்திவிடுவாளாம்.

ஜூன் 21, சனி

இங்கே வருஷத்திலேயே நீளமான இரவு. அங்கே சூரியன் மறையவே மறையாது.

பிள்ளைகளுக்கு ஐந்திணை சொல்லிக்கொடுத்தேன். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடல் நெய்தல். சாட்ஸ்வர்த்தில் பிறந்தவர்களுக்கு மலையும் கடலும் தெரியும், முல்லையைத்தான் விளக்க வேண்டியிருந்தது. பனிக்கரடி எந்தத் திணை என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் நெய்தல் என்றார்கள்.

சரிதான். ஆனால் அது நெய்தலில் எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள் என்றேன். உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளியுள்ள ஒரு வகைச் சீல் அங்கே உண்டு. பனித்தட்டுக்கு அடியில் நீந்தும். மூச்சு விட மேலே வரவேண்டும் என்பதால் பனியில் துளை வைத்து, அது மூடாதபடி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கும். கரடி மோப்பம் பிடித்து அந்தத் துளையருகே போய் அசையாமல் காத்திருக்கும். ஒரு மணி நேரம், அதற்கு மேலும். கொக்கு மாதிரி. சீல் தலை நீட்டியதும் ஒரே அடி.

அதே சீல் திறந்த தண்ணீரில் இருந்தால் கரடியால் அநேகமாகப் பிடிக்கவே முடியாது. சீல் மின்னல், கரடி வெறும் நீச்சல்காரன். திமிங்கிலத்தின் முன்னோர் தண்ணீருக்குள் இறங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டு ஆகிறது. காலெல்லாம் துடுப்பாகிவிட்டது. கரடி நேற்று வந்தது. இன்னும் நாலு காலும் நகமும் அப்படியே இருக்கின்றன. கடல் அதற்குச் சோறு போடும், ஆனால் நிற்க ஒரு மிதவை வேண்டும். தாத்தாவுக்குப் படகு எப்படியோ, கரடிக்குப் பனித்தட்டு அப்படி.

"படகு கரைந்துபோனால்?" என்று பேரன் கேட்டான்.

கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையைச் சொன்னேன். கோடையில் அங்கே கடல்பனி முழுக்க உருகும். கரடிகள் கரையேறி, மறுபடி உறையும்வரை காத்திருக்கும். உலகம் சூடாகச் சூடாக அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது. 1987-இல் அங்கே ஏறக்குறைய 1,200 கரடிகள். 2021 கணக்கெடுப்பில் 618. கரையில் இருக்கும் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்தார்கள். பழம், புல், பறவை என்று கிடைத்ததைத் தின்றும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இளைத்தன, சராசரியாக நாளொன்றுக்கு ஒரு கிலோ.

மழையில்லாமல் காய்ந்தால் குறிஞ்சியும் முல்லையும் பாலையாகும் என்று சிறு வயதில் படித்தேன். நெய்தலும் பாலையாகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்தச் சின்னப் பெண் தன் படத்தை எடுத்து, கரடியின் காலுக்கடியில் நீலத்தை அழித்துவிட்டுத் தடிமனாக ஒரு வெள்ளைப் பலகை வரைந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

இதை வகுப்பில் சொல்லவில்லை. 2008-இல் பியூஃபோர்ட் கடலில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தாய்க்கரடி, ஏறிக்கொள்ளப் பனி கிடைக்காமல் 9 நாள் இடைவிடாமல் நீந்தியது. 687 கிலோமீட்டர். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் தாண்டியும் மிச்சம் இருக்கும் தூரம். இரண்டு மாதம் கழித்து மறுபடி பிடித்தபோது உடல் எடையில் 22 சதவீதம் குறைந்திருந்தது. புறப்படும்போது கூட இருந்த ஒரு வயதுக் குட்டி இல்லை.

கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லும் பக்குவம் எனக்கு வந்ததும் சொல்வேன்.

ஜூன் 29, ஞாயிறு, பிளஃப்

பள்ளிக்கூட விடுமுறை. பேரனைக் கூட்டிக்கொண்டு பிளஃப் மேட்டுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போனோம். வழியிலேயே மூச்சுப் பிடிக்கும் போட்டி. அவன் 31 விநாடி. பனிக்கரடி எவ்வளவு நேரம் என்று கேட்டான். பதிவானதில் அதிகபட்சம் 3 நிமிஷம் 10 விநாடி என்றேன். சீல்களை நோக்கித் தண்ணீருக்கடியிலேயே போன ஒரு கரடி. 190 விநாடி என்று அவனே கணக்குப் போட்டான்.

பத்தரை மணிக்கு முதல் மூச்சு எழுந்தது, வெள்ளைப் புகை மாதிரி. பிறகு கருத்த முதுகு, கடைசியில் வால். வால் மறைந்த கணத்தில் அவன் எண்ண ஆரம்பித்தான், தமிழில். நூறு வரை தடையில்லை. அதற்கு மேல் நானும் சேர்ந்துகொண்டேன்.

"நூற்றுத் தொண்ணூறு" என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். கடல் அப்படியே கிடந்தது.

"ஆயா, கரடி இப்போ மேலே வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"நூற்றுத் தொண்ணூற்று ஒன்று" என்று தொடர்ந்தான். இருநூறு, முந்நூறு, நானூறு என்று ஒவ்வொன்றுக்கும் நான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. நானூற்று இருபத்தாறில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வெகுதூரம் வடக்கே, மறுபடி அந்த வெள்ளைப் புகை.