சந்தைக்கூடத்தின் தரை

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனின் உள்பகுதியில் ஒரு சந்தைக்கூடத்தை வடிவமைக்கும் குழுவில் வேலை பார்த்தேன். ஓய்ந்து கிடக்கும் தெருக்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பதே எங்களிடம் கேட்கப்பட்டது. தொடக்கக் கூட்டங்களில் பேச்செல்லாம் கூரையைப் பற்றித்தான். கோலாலம்பூரின் பாசார் செனியை எல்லாரும் உதாரணம் காட்டினார்கள். 1888இல் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையாகத் தொடங்கி, 1937இல் அக்கால ஆர்ட் டெக்கோ பாணியிலான இன்றைய கட்டடத்தைப் பெற்று, 1980களில் இடிபடாமல் தப்பிக் கைவினை அங்காடியானது அது. கட்டடம் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்று அங்கே யாரும் கத்தரிக்காய் வாங்கப் போவதில்லை.

ஜார்ஜ்டவுனின் சௌராஸ்தா சந்தையில் கீரை விற்கும் ஓர் அக்காவிடம் எங்கள் வரைபடத்தைக் காட்டினேன். “கூரை அழகாக இருக்கிறது தம்பி. தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்டார். குழுவில் எவரும் அதுவரை கேட்காத கேள்வி. மீன் மேசையில் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். தரைச் சரிவு குறைந்தால் நீர் தேங்கி நாறும். கூடினால் தள்ளுவண்டி தானாக உருளும். வடிகால் மூடியை ஒரே ஆள் தூக்கிக் கழுவ முடியாவிட்டால், அதை யாரும் கழுவ மாட்டார்கள். இந்த மூடியின் எடைக்காக நாங்கள் போட்ட சண்டை, முகப்புக்காகப் போட்டதைவிடப் பெரியது.

வாங்குவதற்கு ஆள் வேண்டுமே என்பது அடுத்த கவலை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 பிறந்ததும் கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை ஏற, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளில் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு, அவ்வீடுகள் பலவற்றில் தங்கும் விடுதிகள் முளைத்தன. விடுதியில் தங்குபவர் முருங்கைக்காய் வாங்குவாரா? அதனால் மேல்மாடியில் காபிக் கடை வேண்டாம், சில வீடுகள் வைப்போம் என்றேன். பாதி மாடி கிடைத்தது. காபிக் கடையின் வாடகை கீழ்த்தளக் கடைகளின் வாடகையைத் தாங்கும் என்ற கணக்கில் நியாயம் இருந்ததால் மீதியை விட்டுக்கொடுத்தேன்.

கடைசியில் பக்கத்து விடுதியிலிருந்து மனு வந்தது: காலை எட்டு மணிவரை சத்தம் கூடாதாம். சந்தைக்கோ லோரி நான்கு மணிக்கே வந்துவிடும்! சரக்கு இறக்கும் இடத்தைப் பின்சந்துக்குத் தள்ளினோம். ஐஸ் பெட்டிகளைத் தூரம் சுமக்க முடியாது என்பதால் மீன்கடைகளும் கூடவே நகர்ந்தன. வடிகால் வரைபடத்தை முதலிலிருந்து போட்டோம்.