பெட்டியைப் பிரிப்பவன் பார்த்த பாலஸ்தீனத் தையல்

கண்காட்சி அமைக்கும் வேலை என்று சொன்னால் ஊரில் "ஆணி அடிக்கிற வேலையா?" என்பார்கள். பெரிய தப்பில்லை. வளைகுடாவில் பல வருஷமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மரப்பெட்டியில் வருவதைப் பிரிக்க வேண்டும்; எங்கே கறை, எங்கே கிழிசல் என்று படிவத்தில் எழுத வேண்டும்; காட்சி முடிந்ததும் வந்தது போலவே பொதிந்து திருப்பி அனுப்ப வேண்டும்.

சிரியா, காசா என்று போர் தின்ற இடங்களுக்கு ஆதரவான கண்காட்சிகளும் எங்களிடம் வரும். உண்மையைச் சொன்னால், பாதிக்குமேல் எனக்குச் சலிப்புத்தான். முள்வேலி, புறா, அழும் குழந்தை. நிதி கொடுத்தவரின் பெயர் நுழைவாயிலிலேயே ஆளுயரத்துக்கு இருக்கும். வரைந்தவர் பெயரைத்தான் குனிந்து தேட வேண்டும்.

தத்ரீஸ் என்னும் பாலஸ்தீன எம்பிராய்டரி வந்தபோது அந்தச் சலிப்பு வரவில்லை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. அன்று நான் பிரித்தது ஒரு தோப், பெண்கள் அணியும் நீண்ட அங்கி. கறுப்புத் துணி, மார்புப் பகுதி முழுக்கச் சிவப்பு நூல். குறுக்குத் தையலில் ஊசிபோல் உயர்ந்த சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. அக்குளில் வேறு துணி ஒட்டுப்போட்டிருந்தது. உள்பக்கம் திருப்பினால் முடிச்சே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். பழைய துணியும் சாயமும் வெளிச்சம் தாங்காது, அதனால் விளக்கை ஐம்பது லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) இறக்கினோம். மடிப்புகளுக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வைத்தோம்.

உடுத்திக் காட்ட உதவிக்கு வந்தவர் பெய்ரூட்டின் புர்ஜ் அல்-பராஜ்னே முகாமில் பிறந்த ஒரு பெரியம்மா. எல்லாரும் அவரைக் காலா (அரபியில் அம்மாவின் சகோதரி) என்று கூப்பிட்டோம். பூர்வீகம் யாஃபாவுக்குப் பக்கத்திலிருந்த பெய்த் தஜன்; 1948-இல் மக்கள் துரத்தப்பட்டுக் காலியான ஊர். முன்பெல்லாம் தோப்பைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்களாம். முகாமில் பல ஊர்க்காரர்கள் ஒரே சந்தில் குடியேற, தையலும் கலந்துவிட்டது. தன் அம்மா தைத்த அந்த அங்கியில் பக்கத்து வீட்டுக்காரியின் ஊர் பூவும் இருப்பதை விரல் வைத்துக் காட்டினார்.

இன்னொரு பெட்டியில் முதல் இன்திஃபாதா, அதாவது 1987-இல் தொடங்கிய பாலஸ்தீன மக்கள் எழுச்சிக் காலத்து அங்கி. 1967-இல் இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளில் பாலஸ்தீனக் கொடிக்குத் தடை. 1993 வரை நீடித்தது. பெண்கள் கொடியின் நான்கு நிறங்களையும் நெஞ்சில் தைத்துக்கொண்டார்கள். கையில் இருப்பதைப் பிடுங்கலாம், உடுத்தியிருப்பதை என்ன செய்வது?

தேநீர் இடைவேளையில் லெபனான்காரக் காப்பாளர் ஒருவர் 1978 மார்ச்சில் பெய்ரூட்டில் நடந்த கண்காட்சியைப் பற்றிச் சொன்னார். பாலஸ்தீனத்துக்காகச் சுமார் 30 நாட்டுக் கலைஞர்கள் கொடுத்த ஏறக்குறைய 200 படைப்புகள். பாலஸ்தீனத்தில் ஒரு அருங்காட்சியகம் அமையும்வரை அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோவது திட்டம். 1982-இல் இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது அவை இருந்த கட்டிடம் குண்டுவீச்சுக்கு இரையானது. எஞ்சிய கண்காட்சிக் கையேட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் கிறிஸ்டின் கூரியும் ரஷா சல்தியும் பின்னாளில் அந்த வரலாற்றைத் தேடித் தொகுத்தார்கள். பட்டியல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அதற்குப் பிறகு படிவத்தில் கிறுக்கியதே இல்லை.

திறப்புக்கு முந்தின நாள் சச்சரவு. ஏற்பாட்டாளர்கள் அடித்திருந்த விவர அட்டையில் "அகதிப் பெண்களின் கைவேலை" என்று மட்டும் இருந்தது. காலா படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"என் அம்மாவுக்குப் பெயர் இல்லையா மகனே?"

அட்டையை மறுபடி அச்சிடும் செலவு யார் தலையில் என்று ஒரு மணி நேரம் போனில் இழுபறி. எனக்குக் கோபம்தான். ஆதரவு என்று மேடை போட்டுவிட்டு, வேலை செய்தவளை அழுகைக்கு உருவமாக மட்டும் நிறுத்தினால் அது என்ன ஆதரவு? கடைசியில் அம்மாவின் பெயர், ஊர், முகாம் மூன்றும் ஏறின. செலவு எங்கள் கம்பெனிக் கணக்கில் விழுந்தது. முதலாளி இன்றும் சொல்லிக் காட்டுவார்.

இப்போது என் படிவத்தில் 'செய்தவர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். காலியாக வந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே போன் போட்டுக் கேட்பேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். சரி, படட்டும்.