ஒழுங்கைக்குள் கிறுகினால் எரியும் விளக்கு

ஜனவரி 3, 2025, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் வந்து எங்கள் ஒழுங்கைக்குள் கிறுகித் திரும்பியதும் மீற்றர் போட்டில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற மூன்று எழுத்து, திடீரென்று பிரேக் மிதித்தால் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பின் பெயர். வண்டி 2003ஆம் ஆண்டுக் கொரோலா. இங்கே '121' என்றால் எல்லோருக்கும் விளங்கும். எரிந்தபடியே வளவுக்குள் விட்டேன். பிரேக் வழமை போலத்தான் பிடித்தது. சாவியை நிறுத்தி மறுபடி போட்டபோது மூன்று வினாடி எரிந்துவிட்டு அணைந்தது. மழை ஈரமாக இருக்கும் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 4, சனி

ஈரமில்லை. காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அதே விளக்கு. நேரே ஒரு கராஜுக்கு விட்டேன். பெயர் வேண்டாம். தம்பி ஒருவர் எட்டிப் பார்த்தார். கருவி எதையும் மாட்டவில்லை, சில்லுப் பக்கம் குனியவுமில்லை. "ஏ.பி.எஸ். யூனிற் போயிட்டு அண்ணன். ஜப்பான் பழசு ஒண்டு எடுத்துப் போடலாம்." விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லாட்டி பல்பைக் கழட்டி விடுறன், பிரேக் பிடிக்கும்தானே" என்றார்.

பிரேக் பிடிக்கும், அது உண்மை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும், சில்லு இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் நின்றுவிடும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம், முன் பின் சில்லுகளுக்கு விசையைப் பங்கிடும் வேலையும் கெட்டிருக்கலாம். அப்போது ஓடக்கூடாது. எனக்குச் சிவப்பு எரியவில்லை. ஆனால் மாரி காலத்து இரவில் மாடுகள் சூடு தேடித் தார் றோட்டில்தான் படுக்கும். நனைந்த றோட்டில் திடீரென்று மிதித்தால் முன் சில்லு இறுகி, ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் கிறுக்கினாலும் வண்டி நேரேதான் வழுக்கும். பல்பைக் கழற்றினால் மாட்டுக்கு அது தெரியாது.

இரவு கொஞ்சம் வாசித்தேன். மின்னணுக் கட்டுப்பாட்டு ஏ.பி.எஸ்.ஸை பொஷ் நிறுவனம் செய்து, மெர்சிடஸ் எஸ்-கிளாஸில் போட்டு விற்கத் தொடங்கிய ஆண்டு 1978. அம்மாவிடம் சொன்னேன். "எழுபத்தெட்டா? சூறாவளி அடிச்ச வருசம்" என்றா. நவம்பர் 23. அப்புறம் பேச்சு முழுக்க விழுந்த தென்னைகளைப் பற்றித்தான். விளக்கு மறந்து போயிற்று.

ஜனவரி 5, ஞாயிறு

செலவில்லாதவற்றை முதலில் பார்த்தேன். பிரேக் ஒயில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில். பியூஸ் எரியவில்லை. பற்றரி 12.5 வோல்ற், இஞ்சின் ஓடும்போது 14.1. பற்றரி தளர்ந்தாலும் இந்த விளக்கு எரியும் என்பதால் அதைத் தாண்டக்கூடாது.

போன வருடம் ஒன்லைனில் வாங்கிய புளூரூத் ஸ்கானரை மாட்டினேன். 'பிழை எதுவும் இல்லை' என்று காட்டியது. அரை மணி நேரம் அதை நம்பினேன். இந்த மலிவுச் சாமான்கள் பெரும்பாலும் இஞ்சின் பக்கத்தை மட்டும்தான் வாசிக்கும். பிரேக் கொம்பியூட்டரிடம் ஒரு வார்த்தையும் கேட்காது.

டொயோட்டாவில் வேறு வழி இருக்கிறது. ஸ்ரியரிங்குக்குக் கீழே, ஸ்கானரை மாட்டும் அந்த 16 துளைச் சொக்கற்றில் 4ஆம் துளையையும் 13ஆம் துளையையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், விளக்கே மின்னி எண் சொல்லும். கடதாசி செருகும் கிளிப் ஒன்றை நிமிர்த்தினேன். கை நடுங்கியது. காரணம் 16ஆம் துளை. அது நேரே பற்றரியின் பொசிற்றிவ். 4 எர்த். 13க்குப் பதிலாக 16இல் செருகினால் பியூஸ் போய்விடும். மகள் ரோர்ச் பிடித்து இரண்டு தரம் எண்ணிச் சொன்ன பிறகுதான் செருகினேன்.

சாவியைப் போட்டதும் இஞ்சின் விளக்கும் எயார்பாக் விளக்கும் ஒரே சீராகப் படபடவென்று மின்னின. பிழையில்லை என்றால் அப்படித்தான் மின்னும். ஏ.பி.எஸ். மட்டும் தனித் தாளத்தில் போனது. மின்னல், மின்னல், மின்னல். ஓர் இடைவெளி. மின்னல், மின்னல். பிறகு நீண்ட இருட்டு, மறுபடி அதே.

"மூணு, ரெண்டு" என்றாள் மகள்.

முப்பத்திரண்டு. 31 முன் வலது, 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. ஆக எங்கள் வண்டியில் முன் இடது சில்லின் வேக சென்சர், அல்லது அதன் வயர். யூனிற் என்று யாரும் சொல்லவில்லை, கராஜ் தம்பியைத் தவிர.

ஜனவரி 7, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து சில்லைக் கழற்றினேன். கல்லடி வளவெல்லாம் மணல். ஜக்கை வெறும் நிலத்தில் வைத்தால் வண்டி ஏறாது, ஜக்தான் இறங்கும். அடியில் பலகை வைத்தேன். வண்டி உயர்ந்ததும் மரக்குற்றியொன்றையும் கீழே தள்ளினேன். ஜக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

சென்சரை ஒரேயொரு 10 மில்லிமீற்றர் போல்ற் பிடித்திருந்தது. அது வந்துவிட்டது, சென்சர் வரவில்லை. கறள் இறுக்கிப் பிடித்திருந்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அந்த உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. எண்ணெய் விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மெதுவாக அசைத்து அசைத்துத்தான் எடுத்தேன். நுனி முழுக்கக் கருப்பு மயிர் முளைத்தது போல இரும்புத் தூள். உள்ளே காந்தம் இருப்பதால் பிரேக் டிஸ்க் தேயும் தூளெல்லாம் அங்கே வந்து குந்தும். துணியால் துடைத்தால் விரலில் ஒட்டியது, விரலைத் துடைத்தால் மறுபடி நுனிக்குத் தாவியது.

அது பார்த்துக்கொண்டிருக்கும் பல்வளையம் உள்ளே அக்ஸிலோடு சுழலும். மகள் சில்லை மெல்லச் சுழற்றி எண்ணினாள், 48 பல். ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது சென்சரின் சுருளில் சிறு மின் அலை எழும். அலை எவ்வளவு வேகமோ சில்லும் அவ்வளவு வேகம். வேறு மந்திரமில்லை.

மட்காட்டுக்குள் பிளாஸ்ரிக்கை விலக்கிச் சொக்கற்றைக் கழற்றி, சென்சரின் மின்தடையைப் பார்க்க மீற்றரை வைத்தேன். இடது 1.58 கிலோஓம். வலதையும் பார்த்தேன், 1.60. ஏ.சி. மில்லிவோல்ற்றுக்கு மாற்றிவிட்டு இடது சில்லைக் கையால் சுழற்றினால் எண் ஏறி இறங்கியது. சென்சர் நல்லது, தூள்தான் குற்றவாளி என்று தீர்மானித்து எல்லாவற்றையும் பூட்டினேன்.

பழைய எண்ணை அழிக்கவும் ஒரு சடங்கு உண்டு. கிளிப்பைச் செருகி, சாவியைப் போட்டு, 5 வினாடிக்குள் 8 தரம் பிரேக்கை மிதிக்க வேண்டும். மனைவி வாசலில் நின்று எண்ணினாள். முதல் தடவை ஆறில் நேரம் முடிந்தது. "வெள்ளாமைக்குள்ள சேறு மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க" என்றாள். இரண்டாம் தடவை சரி வந்தது.

ஜனவரி 9, வியாழன்

எரிந்தது. அதே ஒழுங்கை. ஒன்றும் எழுத மனமில்லை.

ஜனவரி 11, சனி

"அப்பா, அது நம்மட ஒழுங்கைக்குக் கிறுகக்குள்ளதானே எரியுது?" என்று மகள் கேட்டபோதுதான் உறைத்தது. முதல் நாளே நான் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் வாசிக்கவில்லை. நேர் றோட்டில் ஒரு தரமும் எரிந்ததில்லை. முழுதாக வலப்பக்கம் ஒடிக்கும் இடத்தில்தான் எரிகிறது. எரிந்தால் சாவியை நிறுத்தும் வரை அணையாது, அதனால் வழி முழுக்க எரிவது போல எனக்குத் தோன்றியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் அளந்தது சில்லு நேராக இருந்தபோது. மறுபடி ஜக், பலகை, மரக்குற்றி. மீற்றரை மாட்டிவிட்டு மகளை ஸ்ரியரிங்கில் உட்கார வைத்தேன். இடது பக்கம் ஒடித்தாள், 1.58. நேர், 1.58. வலது கடைசி வரை ஒடித்ததும் எண் மறைந்து, வயர் அறுந்தால் வரும் அந்த வெற்றுக் குறி வந்தது. திருப்பினாள், 1.58. மறுபடி ஒடித்தாள், வெற்று. நாலு தரம் செய்து பார்த்தோம், தேவைக்காக இல்லை, சந்தோசத்துக்காக.

வயரை விரலால் தடவிக்கொண்டு போனேன். சொக் அப்சோபருக்குப் பக்கத்தில், ரப்பர் தோல் முழுதாக இருக்க, உள்ளே ஓர் இடம் மட்டும் கொழகொழவென்று மடிந்தது. செம்பு உள்ளே ஒடிந்துவிட்டது. ஏன் அந்த இடத்தில்? வயரைச் சொக்கில் பிடித்து வைக்கத் தகட்டுக் கவ்வி ஒன்று உண்டு, அதற்கு ஒரு போல்ற் உண்டு. போல்ற்றைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் நாடா ஒன்று, வயரை இறுக்கிக் கட்டியிருந்தது. ஆவணியில் சொக் மாற்றினோம். மாற்றிய கையின் சோம்பல் அது. கவ்வி வயருக்குத் தளர்வு கொடுக்கும், நாடா கொடுக்கவில்லை. ஒவ்வொரு கிறுகலிலும் இழுத்து இழுத்து ஐந்து மாதத்தில் முறித்திருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

காத்தான்குடியில் வண்டி மின்வேலை செய்யும் நானாவிடம் போனேன். என் பழைய மாணவனின் வாப்பா. அறுந்த இடத்தை வெட்டி ஈயம் வைத்து ஒட்டலாமா என்று கேட்டேன்.

"ஒட்டலாம் சேர். ஆனா அது வளைஞ்சு குடுக்கிற இடம். ஈயம் வச்சா அந்த இடம் விறைக்கும், மறுகா அதுக்குப் பக்கத்தில ஒடியும். ஒள்ளுப்பம் பொறுங்க." உள்ளே போய் வயரோடு கூடிய பழைய சென்சர் ஒன்றை எடுத்து வந்தார். மீற்றர் வைத்து, நீளம் முழுக்க வளைத்து வளைத்துக் காட்டினார். எண் அசையவில்லை. கராஜ் சொன்ன காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

என் மச்சானின் புது வண்டியிலும் இப்படி ஓம் வைத்துப் பார்க்கலாமா என்றதற்குச் சிரித்தார். புது வண்டிகளின் சென்சருக்குள் சிறிய மின்சுற்று இருக்கிறது, வண்டி கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். சில்லு ஓட ஓட 7 மில்லியம்பியருக்கும் 14 மில்லியம்பியருக்கும் இடையில் கரண்ட் துள்ளும். அதில் ஓம் மீற்றர் வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பலவற்றில் பல்வளையமே கிடையாது, சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங்கின் ஒரு முகத்தில் காந்தப் பட்டி. பெயரிங்கை முகம் மாற்றி அடித்துவிட்டு, விளக்கு எரிகிறது என்று வருபவர்கள் இருக்கிறார்களாம். "அவங்க சென்சரத்தான் மாத்தச் சொல்லுவாங்க" என்றார்.

கவ்விக்கு 10 மில்லிமீற்றர் தலைப் போல்ற் கடையில் சோடியாகத்தான் தந்தார்கள். இரண்டு வாங்கினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஸ்பானரைத் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. மழையும் தூறியது.

ஜனவரி 15, புதன்

காலையில் பூட்டினேன். அரை மணி நேர வேலை. பூட்டுமுன் துளையின் கறளை மண் கடதாசியால் தேய்த்தேன். வயரைக் கவ்விக்குள் வைத்து, சில்லை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துத் தளர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போல்ற்றை இறுக்கினேன். எட்டு மிதி, முதல் தடவையிலேயே சரி. விளக்கு ஒரே சீராகப் படபடத்தது. ஒழுங்கைக்குள் வேண்டுமென்றே ஆறு தரம் கிறுகினேன். பக்கத்து வீட்டு மாமி, "தம்பி, என்னத்தைத் தேடுறீங்க?" என்றா.

பின்னேரம் மகளோடு மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனோம். 2014இல் இந்தப் பாலம் வரும் வரை இங்கே 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். மகளுக்கு அது நினைவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு இப்பால், ஆளில்லாத கிரவல் றோட்டொன்றில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு 35இல் போய் முழு மூச்சாக மிதித்தேன். காலுக்குக் கீழே மிதி கடகடவென்று அதிர்ந்து பாதத்தைத் திருப்பித் தள்ளியது. பொனெற்றுக்குள் மரம் அரிவது போலச் சத்தம்.

"உடைஞ்சிட்டா?"

"இல்லடா. இதுதான் அது."

அதிரும்போது காலை எடுக்கக்கூடாது. பழைய ஆட்கள் மாதிரி விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. அந்த வேலையை வண்டி செய்கிறது, நாம் அழுத்திப் பிடித்து ஸ்ரியரிங்கைப் பார்த்தால் போதும். இறங்கிப் பார்த்தால், நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தூரம் போய்த்தான் நின்றிருந்தது. உதிரிக் கல்லிலும் மணலிலும் அப்படித்தான். இறுகிய சில்லு மண்ணைக் குவித்துத் தடைபோடும், ஏ.பி.எஸ். சில்லை இறுக விடாது.

திரும்பும் வழியில் பட்டிப்பொங்கல் மாடுகள் றோட்டை அடைத்து நின்றன. கொம்பில் மஞ்சள், கழுத்தில் மாலை. ஹோர்னுக்கு ஒன்றும் அசையவில்லை. ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து, கால் கழுவப் போகும் வழியில் ஒரு யோசனை வந்து குனிந்து வலது சில்லுக்குப் பின்னால் ரோர்ச் அடித்தேன். அங்கேயும் வெள்ளை நாடா. மற்றப் போல்ற் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை பார்ப்போம்.