மூக்குப்பேணியும் செருப்பு மிதப்பும் கீறிப் பாத்த கதை

கொஞ்ச நாளா அக்ரிலிக் பெயின்ட்ல வீட்டுச் சாமான்களைத்தான் கீறிக்கொண்டு வாறன். கோணேசர் கோயிலையும் கடலையும் கீறாத ஆள் திருகோணமலையில இல்லை, அதனால அதை மற்றாக்களுக்கு விட்டுட்டு நான் குசினிக்குள்ள இறங்கியாச்சு.

முதல்ல எடுத்தது அம்மம்மான்ர மூக்குப்பேணி. பித்தளை, வாய் வைக்காம அண்ணாந்து குடிக்கிறதுக்கு மூக்கு வச்சது, இப்ப ஆர் அதில தண்ணி குடிக்கினம், பேனை போட்டு வைக்கத்தான் கிடந்தது. அம்மா கண்டவுடன "பொறு பிள்ளை, பழப்புளி போட்டு மினுக்கித் தாறன், பிறகு கீறு" எண்டா. பறிக்காத குறையா வாங்கிக்கொண்டு வந்தன். மினுக்கினா அது கடைப்பேணி மாதிரி ஆகிடுமே! மூக்கு ஒட்டின இடத்தில பச்சையா களிம்பு பிடிச்சிருக்கு, விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியா குத்தி ரெண்டு எழுத்து, அதில ஒண்டு பாதி தேஞ்சு போச்சு, தூக்கிப் பாத்தா சரியா பெருவிரல் படுற இடம். இது ஆற்ற எழுத்து எண்டு கேக்கத்தான் அம்மா சொன்னா, அது அம்மம்மான்ர தாயின்ர பேராம், சீதனத்தோட வந்த பேணியாம். இவ்வளவு காலமும் எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல.

ஒரு பொருளில கதை தேடுறது எண்டா நாங்களா ஒண்டைக் கற்பனை பண்ணி ஏத்துறது எண்டுதான் கனபேர் நினைக்கினம். எனக்கு அது ஒத்துவரேல்ல. தேஞ்ச இடம், நெளிஞ்ச இடம், ஒட்டுப்போட்ட இடம், அதைப் பாத்து ஆர் எப்பிடிப் பிடிச்சிருப்பினம் எண்டு யோசிச்சா எங்க நுணுக்கமா கீறோணும் எங்க சும்மா விடோணும் எண்டு தானா பிடிபடுது. பேணியில அந்த எழுத்தையும் களிம்பையும் மட்டும் சின்ன பிரஷ்ஷால செய்தன், மற்றதெல்லாம் பெரிய பிரஷ்ஷால ஒரே இழுவை.

இத்தாலியில மொராண்டி எண்டு ஒரு ஓவியர், 1964ல சாகும்வரைக்கும் பெரும்பாலும் போத்தலும் சாடியும்தான் கீறினவர், மினுக்கம் தெரியக்கூடாதெண்டு சில போத்தலுக்கு பெயின்டே பூசி வச்சவராம். அவற்ற படத்தைப் பாத்தாப் பிறகுதான் பழப்புளிக்கு எதிரா வாதாட எனக்குத் தைரியம் வந்தது.

கலர் விஷயம்: பித்தளைக்கு கோல்ட் பெயின்ட் வாங்காதேங்கோ, தட்டையா கிடக்கும். யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) பேர்ன்ட் அம்பரும் (கடும் மண்ணிறம்) போதும், வெளிச்சம் விழுற இடத்துக்கு மட்டும் லெமன் யெல்லோவில கொஞ்சம் வெள்ளை. நிழலுக்கு கறுப்பு டியூபும் வேண்டாம், அல்ட்ராமரின் நீலத்தோட பேர்ன்ட் அம்பரைக் கலந்தா உயிருள்ள கறுப்பு வரும். கச்சான் காத்து அடிக்கேக்க பெயின்ட் பலட்டில (கலர் கலக்கிற தட்டில) போட்ட கையோட காஞ்சிடும், அதுக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஈரத் துணியை விரிச்சு அதுக்கு மேல பேக்கிங் பேப்பர் போட்டு அதிலதான் கலக்கிறன், மூடி வச்சா அடுத்த நாளும் பாவிக்கலாம்.

இப்ப பாதியில நிக்கிறது ஒரு வலை மிதப்பு. திருக்கடலூர் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாட்ட வாங்கினது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி, நடுவில ஓட்டை போட்டு கயிறு கோத்தது, ஓரத்தில குதிக்கால் அழுத்தின பள்ளம் இன்னும் தெரியுது. "இதையா பிள்ளை கீறப்போறியள், அங்க வள்ளம் எவ்வளவு வடிவா நிக்குது" எண்டு சிரிச்சார். ஆற்ற செருப்பு ஐயா எண்டு கேட்டன். "மூத்தவன்ர. அவன் இப்ப கட்டார்ல, சப்பாத்துத்தான் போடுறான்."

செருப்பு நீலம் லேசா வந்துட்டுது, உப்புப் பூத்த அந்த வெள்ளைதான் சரிவரேல்ல, காஞ்ச பிரஷ்ஷால தேச்சுப் பாக்கோணும். அடுத்தது தேங்காய் துருவுற துருவலை. காலமை புட்டுக்கு வேணுமெண்டு அம்மா தரமாட்டா, பின்னேரம்தான் கிடைக்கும், பின்னேரத்தில எங்கட குசினி ஒரே இருட்டு. முத்தத்தில வச்சுக் கீறலாமோ எண்டு பாப்பம்.