26 கிலோ மூட்டை

புதுவயல் அரிசி ஆலைகளில் ஒரு கிலோவுக்கு இருக்கும் மரியாதை வேறெங்கும் கிடையாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிளோடு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தது. கொஞ்ச நாளிலேயே 26 கிலோ மூட்டை முளைத்துவிட்டது. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. சட்டத்துக்கு உட்பட்டதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 1998 முதல் இருக்கிறேன். சி.ஏ. ஃபைனலில் ஒரு குரூப் கடைசி வரை கைக்கு வரவில்லை. அதனால் பெயருக்குப் பின்னால் எழுத்து எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கை முடித்து சார் மேசைக்குக் கையெழுத்துக்கு அனுப்புவது நான்தான்.

எங்களிடம் வரும் ஆலைகளில் ஒன்று சில வருடங்களுக்கு முன் கிளவுட் மென்பொருளுக்கு மாறியது. அங்கே பில் போட்டால் இங்கே திரையில் தெரியும். பேங்க் ஸ்டேட்மென்ட் தானாக வந்து இறங்கும். உள்ளே இருக்கும் ஏஐ பழைய பதிவுகளைப் பார்த்து, இது லாரி வாடகை, இது சாக்கு வாங்கியது என்று அதற்குரிய லெட்ஜரை, அதாவது கணக்குத் தலைப்பை, எடுத்து வைத்துவிடும். நாம் சரி என்று தட்டினால் போதும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் மாதக் கடைசியில் தனியாகப் பட்டியல் போடும். அந்த ஆலைக்கு மாதாமாதம் பட்டியல் காலியாகவே வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கையெழுத்து வாங்க ஆலைக்குப் போனேன். எடை மேடைக்குப் பக்கத்தில் பளபளவென்று தாமரைப் படம் போட்ட சின்னப் பைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் 10 கிலோ.

"இது எப்பருந்துண்ணே?"

"நாலு மாசமாச்சு. சூப்பர் மார்க்கெட்காரங்க கேட்டாங்க."

வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆபீசுக்கு வந்து தோண்டினால் விஷயம் இவ்வளவுதான். பில் போடும் பையன் புது அயிட்டம் திறக்கச் சோம்பல்பட்டு, 26 கிலோ அயிட்டத்தையே காப்பி எடுத்துப் பெயரை மட்டும் 10 கிலோ என்று மாற்றியிருக்கிறான். பூஜ்ய வரியும் கூடவே வந்துவிட்டது. பில்லும் லெட்ஜரும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பைசா சுத்தமாகப் பொருந்தின. மூன்றும் ஒரே தப்புக்குப் பிறந்த பிள்ளைகள், ஜாடை ஒத்துப்போகாமல் இருக்குமா?

கடைக்காரர்களிடம் திரும்பப் போய் வரி கேட்க முடியாது. நான்கு மாத வரியையும் அதற்கு 18 சதவீத வட்டியையும் ஆலைக்காரர் கைப்பணத்திலிருந்து கட்டினார். "உங்க ஏஐ என்னண்ணே பண்ணுச்சு?" என்று கேட்டார். அது ஆலைக்கு வரவில்லையே அண்ணே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதை வைத்து மென்பொருள் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய காலத்துக்குப் போகச் சொன்னால் நான் போக மாட்டேன். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு என்றால் அந்த மாதம் முழுக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் இல்லை. தேவகோட்டையிலிருந்து ஒருவர் பென் டிரைவில் டேட்டா எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார், கூடவே வைரஸும் வரும். ட்ரயல் பேலன்சில் பற்றுக்கும் வரவுக்கும் 5,400 ரூபாய் இடிக்கும். வித்தியாசம் 9-ல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது, 82 எழுத வேண்டிய இடத்தில் 28 எழுதியிருப்பான். அப்படிக் கிடைக்காவிட்டால் பாதியாக்கி 2,700-ஐத் தேடு, பற்றில் வைக்க வேண்டியதை வரவில் வைத்திருப்பான். இந்த வித்தையெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக் காட்டலாம்.

அப்புறம் இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நாங்கள் பத்து வவுச்சருக்கு ஒன்று பார்ப்போம். மெஷின் பத்தையும் பார்க்கிறது. ஒரு ஹார்டுவேர் கடைக் கணக்கில் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றியிருந்தார்கள். ஒரு தடவை எண்ணுக்கு நடுவில் சாய்கோடு, இன்னொரு தடவை சின்னக் கோடு. நாங்கள் இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டதை அது ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தது. சார் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு டிரஸ்ட் கணக்கு விஷயமாக அடிக்கடி போவேன். இரண்டாம் கட்டு அறைகளில் பழைய பேரேடுகள் துணியில் கட்டியபடி கிடக்கும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் எழுதியவை. தலைப்பில் பிள்ளையார் சுழி, கீழே வரவும் பற்றும். ஏஜென்டாகப் போனவர் 'கணக்கு' என்று சொல்லும் மூன்று வருடத் தவணைக்குப் போவார். அங்கே நடப்பதை இங்கே முதலாளிக்குக் கணக்காக எழுதித் தபாலில் அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆண்டு முடிவில் ஐந்தொகை வரும். கப்பல் தபாலில் வந்ததுதான் இப்போது கிளவுடில் வருகிறது என்று ஒரு செட்டியார் என்னிடம் சொன்னார். அவர் மகன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் விடுதிக்கு எத்தனை கிலோ பருப்பு வாங்கினார்கள் என்பதைச் செல்போனில் பார்க்கிறான்.

அந்தப் பேரேடுகளில் எனக்குப் பிடித்தது அடித்தல்தான். தொகை தப்பாகிவிட்டால் சுரண்ட மாட்டார்கள், தாளைக் கிழிக்கவும் மாட்டார்கள். ஒரு கோடு இழுத்து மேலே சரியானதை எழுதியிருப்பார்கள். தப்பு என்ன, திருத்தம் என்ன, இரண்டும் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது நாம் தொலைத்தது இதைத்தான். போன வருடக் கணக்கில் சார் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார். இந்த வருடம் திறந்தால் ஓப்பனிங் பேலன்ஸ் (தொடக்க இருப்பு) வேறாக இருக்கும். நடுவில் யாரோ ராத்திரியில் உள்ளே புகுந்து எதையோ மாற்றியிருப்பார்கள். யார் கேட்டாலும் "நாங்க தொடவே இல்லியே" என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது, ஆடிட்டர் அதைப் பற்றித் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் ஊரில் கம்பெனி எத்தனை? பாதிப் பேர் பார்ட்னர்ஷிப், மீதி டிரஸ்ட், தனி வியாபாரம். அவர்களை அந்த விதி கட்டாது. ஆனாலும் கிளவுட் மென்பொருள் பலவற்றில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று தானாகவே நிற்கிறது. அது வந்த பிறகு ராத்திரித் திருத்தங்கள் குறைந்துவிட்டன. கோடு இழுத்த காலத்து நாணயத்தை மறுபடி கொண்டுவர நமக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

சரி, ஆச்சி கதைக்கு வருகிறேன்.

ஓர் அன்னதான டிரஸ்ட். வரவை எழுதுவது எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. நீளவாக்கு நோட்டு, ஊதா மை, பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி. டைப் அடிக்க ஆள் இல்லாத ஒரு மாதம், ஆபீசில் பயிற்சிக்கு இருக்கும் பெண் பக்கங்களைப் போட்டோ எடுத்து ஏஐ-க்குக் கொடுத்தாள். கையெழுத்தைப் படித்துப் பட்டியலாக்கித் தந்துவிட்டது. பிள்ளையார் சுழியை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் 2 என்று எடுத்துக்கொண்டது. பாவம், தமிழ் எண்ணில் இரண்டுக்கும் அதே உருவம்தானே. அதைச் சிரித்துக்கொண்டே அழித்தோம்.

சிரிக்க முடியாதது அடுத்து வந்தது. மொத்தம் ஆச்சி நோட்டில் உள்ளதைவிட ஏகத்துக்குக் கூடுதல். நானும் அந்தப் பெண்ணும் வரிவரியாகப் பார்த்தோம். தொகைகள் எல்லாம் நம்பும்படியாகவே இருந்தன. 501, 1001, 1001, 501. நம் ஊரில் நன்கொடை என்றால் ஒன்றில்தான் முடியும். பட்டியலை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்கே போனோம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து பெயரைப் படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது பெயரிலேயே கையைத் தூக்கிவிட்டார்கள்.

"யாரு, இவனா? ஆயிரத்தொண்ணா? அவன் அப்பச்சி காலத்துலருந்து நூறு ரூவா தம்பி. நூறுக்கு மேல ஒரு வருசம் குடுத்ததில்ல."

நோட்டைப் பார்த்தால் 100/- என்று இருந்தது. அந்தச் சாய்கோட்டை ஏஐ ஒன்று என்று படித்திருக்கிறது. 100 போட்டவர்கள் எல்லாரும் 1001 ஆகிவிட்டார்கள். வேறு ஊரில் இந்தத் தப்பு துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும். இங்கே நம் வழக்கத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. கூட்டிப் பார்த்ததில் தப்பு இருப்பது தெரிந்தது, அது எங்கே இருக்கிறது என்று ஆச்சிக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெண் திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் ஒன்றும் பேசவில்லை. ஆபீசுக்குள் நுழைந்ததும், "சார், ஆச்சி இல்லைன்னா?" என்றாள். நான் டீ சொல்லி அனுப்பினேன்.

எனக்கு இருக்கும் கவலை அவளைப் பற்றித்தான். நான் ஆர்ட்டிகிள், அதாவது சி.ஏ. படிப்பின் ஆபீஸ் பயிற்சி, சேர்ந்தபோது முதல் வருடம் முழுக்க வவுச்சர்களில் பச்சைப் பேனாவால் டிக் அடித்தேன். மூளைக்கு வேலையே இல்லாத வேலை. ஆனால் வவுச்சர் கட்டு இருக்கும் இடத்துக்கு நாமே போக வேண்டும். ஆலைக்குப் போனால் நெல் வாசனை, கணக்கப்பிள்ளையின் முணுமுணுப்பு, முதலாளி யாரிடம் கடுகடுக்கிறார் என்பது, எல்லாம் டிக்கோடு சேர்ந்து உள்ளே போயிற்று. ரங்கூன் கடையிலும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி (ஏஜென்டுக்கு அடுத்த நிலை), அப்புறம் ஏஜென்டானது இப்படித்தான் என்று நினைக்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் தலையைச் சொறிந்தார்கள் என்று பார்த்துப் பார்த்து. இப்போது டிக் அடிக்கும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில், 2023-ல் வந்த சி.ஏ. படிப்பின் புதுத் திட்டத்தில், மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள் பயிற்சியும் இரண்டு வருடமாகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல் வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. எங்கள் ஆபீசில் பதினொரு பேர் இருந்தோம், இப்போது ஆறு பேர். டேட்டா என்ட்ரி பார்த்த இரண்டு பெண்களில் ஒருவர் வீட்டிலிருந்தே நாலு கடைகளுக்கு ரிட்டர்ன் போடுகிறார், நன்றாகவே இருக்கிறார். இன்னொருவர் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடம் எங்களோடு இருந்தவர். கடை வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

வரித்துறை நோட்டீசுக்குப் பதில் எழுதவும் இப்போது ஏஐ-யைக் கேட்கிறார்கள். ஆங்கிலம் பிரமாதமாக இருக்கும். தீர்ப்பு எண்ணோடு மேற்கோள் காட்டும், தேடினால் அப்படி ஒரு தீர்ப்பே இருக்காது. 2024 டிசம்பரில் பெங்களூரில் வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதனால் சார் ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: தீர்ப்பின் முழு நகல் ஃபைலில் இல்லாவிட்டால் கையெழுத்துக் கிடையாது.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். மாதத்தில் ஒருநாள் அந்தப் பெண்ணை லேப்டாப் இல்லாமல் டவுன் பஸ்ஸில் புதுவயலுக்கு அனுப்புகிறேன். போய் உட்கார்ந்துவிட்டு வா, எதையும் செக் பண்ணாதே என்று. முதல் தடவை அவளுக்குக் கோபம், ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை மதியச் சாப்பாடு அங்கேயே ஆயிற்று.

மூன்றாவது தடவை சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சார், தவிடு விற்பனைக்கு லெட்ஜர் இருக்கு, குருணைக்கும் இருக்கு. உமிக்கு இல்லையே?"

"உமி பாய்லருக்கு எரிக்கப் போயிடும்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். ஆனா இன்னைக்கு பின்பக்கம் ஒரு லாரியில உமி ஏத்திக்கிட்டு இருந்தாங்க. டிரைவர் பணம் எண்ணிக் கொடுத்தாரு."

போனை எடுத்து ஆலைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. உமி விற்பனை என்று ஒரு லெட்ஜரை அன்றைக்குத்தான் திறந்தோம்.