முள்ளந்தண்டுத் தண்ணியும் அம்மம்மாட மறதியும்

போன கிழமை அம்மம்மா மூணாந்தரமா தேத்தண்ணி கேட்டா, குடிச்ச கோப்பை அவட கையிலயே கிடக்கு. "இன்னும் தரல்லயே மனே" எண்டு சொல்லக்குள்ள சிரிப்பு வந்திச்சு, மறுகா வயித்துக்குள்ள என்னமோ செஞ்சிச்சு. மட்டக்களப்பு கல்லடியில பழைய இரும்புப்பாலத்துக்குப் பதிலாக் கட்டின புதுப்பாலத்தால போனாலும் "இரும்புப்பாலம் எங்ககா" எண்டுதான் கேக்கிறா.

ராவு முழுக்க ஃபோனும் கையுமா தேடினன். மூளையையும் முள்ளந்தண்டையும் சுத்தி ஒரு 150 மில்லி தண்ணி இருக்கு, அத முதுகில ஊசி குத்தி எடுத்துச் சோதிக்கலாமாம். அல்சைமர் எண்ட மறதி நோய் வந்த ஆக்கள்ற அந்தத் தண்ணியில டௌ எண்ட புரதம் கூடும், அமிலாய்ட் பீட்டா 42 எண்ட இன்னொரு புரதம் குறையும். கெட்ட சாமான் எப்பிடிக் குறையும் எண்டு மண்டையப் பிச்சிட்டன், பாத்தா அது மூளைக்குள்ளயே கட்டிபட்டு நிண்டிருது, அதாலதான் தண்ணிக்கு வாறது குறையுது. இன்னொரு கூத்து, அது பிளாஸ்டிக்கிலயும் ஒட்டுமாம், பிழையான டியூப்ல எடுத்தா சுவரில ஒட்டி அளவு குறைச்சுக் காட்டும், பொலிப்ரொப்பிலீன் டியூப்தான் வேணும். ஒரு டியூப்பால நல்ல ஆளும் நோயாளியாகலாம்!

அம்மாக்கு அந்தத் தண்ணி எடுக்கிற ஊசிதான் பயம், "முதுகில குத்தினா கால் வழங்காமப் போயிரும்" எண்டு ஒரே புடி. நரம்புத்தண்டு மேலயே முடிஞ்சிரும், ஊசி அதுக்குக் கீழ இடுப்புப் பக்கம்தான் போறது எண்டு படம் காட்டியும் நம்பல்ல.

டொக்டர் ஊசிக் கதையே எடுக்கல்ல, முதல்ல பி12, தைரொய்ட் ரெண்டுக்கும் ரத்தம் பாப்பம் எண்டார், அதுகள் குறைஞ்சாலும் மறதி வருமாம். திங்கக்கிழமை போறம், அம்மம்மாக்கு மூணுதரம் சொல்லிட்டன்.